பொறுத்துக்கொள்ள வேண்டாம், சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 54. தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளாக வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டவன். நாக்கின் வலது ஓரத்தில் வந்த புண் ஆறாமல் போக, சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. வைகாசியில் அறுவை சிகிச்சை செய்து பாதி நாக்கை எடுத்துவிட்டு, இடது முன்கையிலிருந்து சதையும் தோலும் எடுத்து வைத்துத் தைத்தார்கள். கழுத்திலிருந்த நெறிகட்டிகளையும் அகற்றினார்கள். இப்போது 33 முறை கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும் என்று சொல்லி, வாரம் ஒரு கீமோவும் கொடுக்கிறார்கள். 19 முறை முடிந்திருக்கிறது. வாய் முழுக்கப் புண். கஞ்சி குடித்தாலும் நெருப்பாக எரிகிறது. 68 கிலோ இருந்த நான் 62 ஆகிவிட்டேன். மூக்கில் குழாய் போடச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். பேச்சு குழறுகிறது, கடைக்கு வருபவர்களுக்குப் புரியவில்லை. மேல் தட்டுக்குக் கை எட்டவில்லை. வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டேன், பேத்தியைத் தூக்குவதில்லை. மனைவிமீது காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன். கரண்டை இத்துடன் நிறுத்திவிடலாமா? சில இரவுகளில், இப்படி இருப்பதற்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. தை மாதம் இளைய மகளுக்குக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவேனா? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புடையீர்,

உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முன்னால், போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று இரவில் தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். இதை இன்றைக்கே உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். நாளை கதிர்வீச்சுக்குப் போகும்போது மருத்துவரிடமும் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், பேசுவது கடினமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். அந்த எண்ணம் வலுக்கும் இரவில், மணி எத்தனையானாலும், 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. பேச்சு புரியாதே என்று தயங்கினால், உங்கள் மனைவி அழைத்துப் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களிடம் மனச்சோர்வு மிகுதியாகக் காணப்படுகிறது. சாப்பிடுவது, பேசுவது, சிரிப்பது, முகம் காட்டுவது என மனிதர்களோடு கலந்து பழகுவதற்கான வழிகள் அனைத்தும் இந்த நோயில் ஒரே நேரத்தில் அடிபடுவதுதான் அதற்குக் காரணம். அதைக் கோழைத்தனம் என்றோ நன்றிகெட்டதனம் என்றோ நீங்கள் எண்ண வேண்டாம். வலியையும் தூக்கமின்மையையும் சரிசெய்தாலே பலருக்குப் பாதி தெளிந்துவிடுகிறது. அப்படித் தெளியாதவர்களுக்கு மனநல மருத்துவர் தரும் மாத்திரைகள் பயன் தருகின்றன, அவற்றைக் கதிர்வீச்சு நடக்கும்போதே தொடங்கலாம்.

அடுத்து, நிறுத்திவிடலாமா என்ற கேள்வி. நிறுத்தக் கூடாது, வலி தாங்காமல் நடுவில் நான்கைந்து நாள் போகாமல் இருப்பதும் கூடாது. அறுவை சிகிச்சையில் கண்ணுக்குத் தெரிந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருக்கக்கூடிய புற்றணுக்களுக்காகத்தான் இந்தக் கதிர்வீச்சு. உங்களுக்குக் கீமோவும் சேர்த்துத் தருவதைப் பார்த்தால், கழுத்து நெறிகட்டியின் பரிசோதனை அறிக்கையிலோ அறுத்தெடுத்த ஓரத்திலோ கூடுதல் எச்சரிக்கைக்குரிய ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் மருத்துவரிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. வாரத்துக்கு ஐந்து நாள் என்று கணக்கிட்டு, குறிப்பிட்ட வாரங்களுக்குள் மொத்த அளவையும் கொடுத்து முடித்தால்தான் சிகிச்சை முழுப்பலன் தரும். இடைவெளி விட்டால், மிச்சமிருக்கும் புற்றணுக்கள் அந்த இடைவெளியில் வேகமாகப் பெருகிக்கொள்கின்றன. பிறகு விட்டதைச் சேர்த்துக் கொடுத்தாலும் அதே பலன் கிடைப்பதில்லை. உங்களுக்கு இன்னும் 14 முறை, அதாவது ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கிறது.

அந்த மூன்று வாரம் எப்படி இருக்கும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாய்ப்புண் பொதுவாக இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தொடங்கி, முடியும் தறுவாயில் உச்சத்தை அடைகிறது. கதிர்வீச்சு முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அதே நிலையில் நிற்கிறது. முடிந்த மறுநாளே வலி போகவில்லையே என்று அப்போது பதற வேண்டாம். அதன் பிறகு படிப்படியாகத் தணிந்து, பெரும்பாலானவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் புண் ஆறிவிடும். ஆகவே இப்போதைய எரிச்சலை வைத்து வாழ்நாள் முழுவதும் இப்படித்தான் என்று முடிவுகட்டாதீர்கள். மிகக் கடினமான இந்த வாரங்கள் எந்தப் பெரிய முடிவையும் எடுப்பதற்கு உகந்தவை அல்ல.

இந்த வலியை நீங்கள் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வலியைத் தாங்குகிறவரைப் பெருமையாகப் பேசும் வழக்கம் நம்மிடம் உண்டு. புற்றுநோய்ப் பிரிவில் அந்தப் பெருமை நோயாளிக்குப் பெருந்தீங்கு செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. வாரம் ஒரு முறை மருத்துவர் 'எப்படி இருக்கிறது?' என்று கேட்பார். வெளியில் காத்திருக்கும் கூட்டத்தை நினைத்துக்கொண்டு நோயாளி 'பரவாயில்லை டாக்டர்' என்பார். சீட்டில் அதே பழைய மாத்திரை எழுதப்படும். வெளியே வந்ததும் அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். இதை நான் மிகப் பலரிடம் பார்த்திருக்கிறேன். நீங்கள் அடுத்த முறை போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: பத்துக்கு எத்தனை வலி, இரவில் எத்தனை மணிநேரம் தூங்கினீர்கள், நேற்று முழுவதும் எத்தனை டம்ளர் உள்ளே போயிற்று, இன்றைய எடை என்ன. இந்த நான்கும் கண்ணில் பட்டால் எந்த மருத்துவரும் மருந்தை மாற்றாமல் விடமாட்டார்.

பாராசிட்டமால் போதாதபோது அடுத்த படியில் வேறு மருந்துகள் இருக்கின்றன. அவையும் போதாதபோது மார்ஃபின் இருக்கிறது. மார்ஃபின் என்றாலே கடைசிக் கட்டம் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். குணமாகிவிடக்கூடிய நோயாளிகளுக்கும் இந்தப் புண் ஆறும்வரை அதைக் கொடுக்கிறோம், ஆறியதும் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்திவிடுகிறோம். அதனால் மலச்சிக்கல் வரும் என்பதால், அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடாமல், சொன்ன நேரத்துக்குச் சரியாக எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் முன்பாக ஒரு வேளை அமையும்படி நேரத்தைப் பிரித்துக் கேளுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். கீமோவில் தரப்படும் சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் சிறுநீரகத்துக்குச் சுமையாக இருக்கும்போது, அந்த மாத்திரைகளில் பல மேலும் கேடு செய்யும். உறவினர்கள் அன்போடு வாங்கித் தரும் மூலிகைச் சூரணங்களுக்கும் இதுவே பொருந்தும்.

வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்வது இன்னொரு மருந்து. கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவும் கலந்து வைத்துக்கொண்டு, விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிநேரத்துக்கு ஒரு முறையும், எதைச் சாப்பிட்டாலும் அதன் பிறகும் கொப்பளித்துத் துப்புங்கள். நாள்தோறும் புதிதாகக் கலக்க வேண்டும். விளம்பரங்களில் வரும் காரமான வாய்கொப்பளிக்கும் திரவங்களில் பலவற்றில் ஆல்கஹால் இருப்பதால் அவை எரிச்சலைக் கூட்டும். குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ்ஷால் பல்லைத் துலக்குங்கள். புதிய நாக்குப் பகுதி கைத்தோல் என்பதால் அதற்கு உணர்ச்சி இல்லை. சோற்றுப்பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. டார்ச் விளக்கும் கண்ணாடியும் வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதில் முடி முளைத்திருப்பதைக் கண்டால் அஞ்ச வேண்டாம், முன்கைத் தோலின் இயல்பு அது. ஆனால் துடைத்தால் தயிர்த்திட்டுப் போல் வெள்ளையாக உரிந்து வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். எளிதில் தீரும், எரிச்சலும் குறையும், உடனே காட்டுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, வாயிலிருந்து இரத்தம் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போனாலோ அடுத்த வாரப் பரிசோதனைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி, நீங்கள் மறுத்த குழாயைப் பற்றி. உங்கள் உடல் எடையில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு போய்விட்டது. எடை குறைந்தால் சோர்வும் தொற்றும் வருவது மட்டுமல்ல. கதிர்வீச்சு மேசையில் உங்கள் முகத்தைப் பிடித்து வைக்கும் அந்த வலை மாஸ்க் உங்கள் பழைய முகத்துக்கு அச்செடுக்கப்பட்டது. முகமும் கழுத்தும் வற்றினால் மாஸ்க் தளர்ந்து, கதிர் விழ வேண்டிய இடம் விலகக்கூடும். அப்போது மறுபடி மாஸ்க் செய்து, ஸ்கேன் எடுத்து, திட்டத்தைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும். ஆகவே உண்ணுவதும் இப்போது கதிர்வீச்சின் ஒரு பகுதியே. 62 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 1,800 முதல் 1,900 கலோரியும், 75 முதல் 90 கிராம் புரதமும் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ அவ்வளவே. நீர்த்த அரிசிக் கஞ்சியை எத்தனை முறை குடித்தாலும் இந்தக் கணக்கு நிரம்பாது என்பது மளிகைக்கடைக்காரரான உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

நீங்கள் குழாயை மறுத்ததற்குக் காரணம், கடையில் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதாக இருக்கலாம். குழாய் போட்டால் ஆள் முடிந்தார் என்ற ஊர்ப்பேச்சாகவும் இருக்கலாம். இரண்டாவது முற்றிலும் தவறான நம்பிக்கை. இது வாய் ஆறும்வரை வைத்துக்கொள்ளும் தற்காலிக வழி. வாயாலேயே போதுமான அளவு உண்ணத் தொடங்கியதும் எடுத்துவிடுவார்கள், எடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. போடும்போது சில நிமிடங்கள் மூக்கும் தொண்டையும் உறுத்தும், கண்ணில் நீர் வரும், தண்ணீரை விழுங்கச் சொல்லிக்கொண்டே உள்ளே செலுத்துவார்கள். பிறகு பால், பால்பவுடர், சத்துமாவுக் கஞ்சி, நன்றாக வெந்த பருப்பு, வேகவைத்த முட்டை, எண்ணெய் ஆகியவற்றை மிக்ஸியில் அரைத்து வடிகட்டி, ஒரு முறைக்கு 200 மில்லி அளவில், இரண்டு மூன்று மணிநேரத்துக்கு ஒரு முறை மெதுவாக இறங்கவிட வேண்டும். ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் 30 முதல் 50 மில்லி நீர் விட்டுக் குழாயைக் கழுவி, அடுத்த முக்கால் மணிநேரம் படுக்கக் கூடாது. குழாயில் மூக்கருகே போட்டிருக்கும் அடையாளம் நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றக் கூடாது. கழன்று வந்தால் வீட்டில் திரும்பச் செருகக் கூடாது. குழாய் இருந்தாலும், உங்கள் மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு நாள்தோறும் பல முறை சிறிது நீரை வாயாலும் விழுங்கிக்கொண்டே இருங்கள். வேலையின்றிக் கிடக்கும் தொண்டைத் தசைகள் இறுகிவிட்டால் பின்னால் விழுங்குவதை மறுபடி கற்க நெடுங்காலம் பிடிக்கும். விழுங்கும்போது இருமல் வந்தாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ அதை மறைக்காதீர்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதன் அறிகுறி அது.

தனித் தட்டையும் தனி டம்ளரையும் இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள். புற்றுநோய் ஒட்டாது. வெளியிலிருந்து இயந்திரம் மூலம் தரும் கதிர்வீச்சு உங்கள் உடலில் தங்கியிருப்பதும் இல்லை; பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வதால் அவளுக்கு எந்தக் கெடுதலும் நேராது. உங்களுக்குக் கீமோ நடப்பதால், அவளுக்குச் சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் மட்டும் அவளைத் தள்ளி வைக்கலாம், அதுவும் உங்களைக் காப்பதற்காக. எரிந்து விழுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பேச முடியாத ஆத்திரம் மிக அருகில் இருப்பவர்மீதுதான் கொட்டும் என்பது உங்கள் மனைவிக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அதை அவர் உங்கள் கையெழுத்தில் ஒரு வரியாகப் படித்தால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். உங்கள் மனைவிக்கும் ஒரு சொல்: அம்மா, உங்கள் கணவர் சொல்ல வருவதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லி முடிக்காதீர்கள், எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது மருத்துவமனைக்கு வேறு யாரையேனும் துணைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் தூங்குங்கள்.

பேச்சைப் பொறுத்தவரை, இப்போதைய குழறலை இறுதியானது என்று கொள்ள முடியாது. வீக்கமும் புண்ணும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. உதட்டால் பிறக்கும் ப, ம, வ உங்களுக்கு நன்றாகவே வரும். நாவின் நுனி மேலே வளைய வேண்டிய ட, ண, ள, ழ ஆகியவைதான் தடுமாறும். உளுந்து, மிளகு, கடலை போன்ற சொற்களில் வாடிக்கையாளர் தயங்குவது அதனால்தான். பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர் ஒருவரை உங்கள் மருத்துவமனையிலேயே கேளுங்கள். அவர் உங்கள் கடையில் நாள்தோறும் புழங்கும் சொற்களையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள். மெதுவாக, சிறு சிறு தொடராக, எதிரில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி நின்று பேசுவது உடனடிப் பலன் தரும். நாக்கு மேலண்ணத்தைத் தொட எட்டவில்லை என்றால், மேலண்ணத்தைச் சற்றே தாழ்த்திக் கொடுக்கும் தகடு ஒன்றைப் பல் மருத்துவத் துறையில் செய்து தருவார்கள். அது புண் ஆறிய பிறகு செய்ய வேண்டியது.

வாய் திறக்கும் அளவு குறையாமல் பார்த்துக்கொள்வதை இப்போதே தொடங்க வேண்டும். கதிர்வீச்சினால் தாடைத் தசைகள் நாராக இறுகும்; இறுகிய பிறகு திறக்கவைப்பது மிகக் கடினம். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி முன்பற்களுக்கு இடையில் வைத்து, தாங்கும் அளவில் சிறிது நேரம் பிடித்து, நாள்தோறும் பல முறை செய்யும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டுவார். உங்கள் விரல் மூன்றை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்பது வீட்டிலேயே பார்க்கக்கூடிய அளவு. மேல் தட்டுக்குக் கை எட்டாததற்குக் காரணம், கழுத்து நெறிகட்டிகளை எடுக்கும்போது தோள்பட்டைத் தசைக்குப் போகும் நரம்பு அலைக்கழிக்கப்படுவதுதான். பெரும்பாலும் சில மாதங்களில் தேறும்; சுவரில் விரல்களால் மெல்ல ஏறும் பயிற்சியைச் செய்துகொண்டு, அரிசி மூட்டையைத் தூக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

புகையிலையை விட்டுவிட்ட பலர் பாக்கில் தவறில்லை என்று எண்ணித் திரும்பவும் தொடங்குகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பாக்குப் பொட்டலச் சரம் தொங்கினால் அதை எடுத்துவிடுங்கள். நாளெல்லாம் அது கண்ணெதிரே இருப்பது உங்களுக்குத் தேவையற்ற சோதனை. விடுவதற்குத் துணை வேண்டுமானால் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. கடந்த ஆண்டுகளை நினைத்து உங்களைத் தண்டித்துக்கொள்வதால் எதுவும் ஆகப்போவதில்லை, அதற்கான தெம்பும் இப்போது உங்களிடம் மிச்சமில்லை.

சிகிச்சை முடிந்த பிறகு இரண்டு செய்திகளை வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருங்கள். கதிர் பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அரித்துப்போகும் ஆபத்து எத்தனை ஆண்டு கழித்தும் இருக்கிறது. எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும், கதிர்வீச்சு பெற்றவன் என்று முதலில் சொல்லுங்கள். கழுத்தில் கதிர் பட்டதால் தைராய்டு சுரப்பு குறையலாம் என்பதால், ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒரு முறை அதற்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காரணமில்லாத அசதியை மனச்சோர்வு என்று விட்டுவிடும் நிலை அதனால் தவிரும். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் என்பதால், அந்தக் காலத்தில் மருத்துவர் குறிக்கும் ஒரு பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது கல்யாணம். தை மாதத்துக்குள் உங்களுக்குக் கதிர்வீச்சு முடிந்து சுமார் ஐந்து மாதம் ஆகியிருக்கும். புண் ஆறியிருக்கும் என்றே எதிர்பார்க்கலாம். சுவை பாதியாவது திரும்பியிருக்கும். இனிப்பு ஒருவருக்கு முதலில் தெரியும், உப்பு இன்னொருவருக்கு. எச்சில் முன்பு போல் ஊறாது, காரம் எரியும். அப்பளமும் வடையும் உங்களுக்கு எதிரிகளாக இருக்கும், குழைந்த சாதமும் பருப்பும் நெய்யும் பாயசமும் இறங்கும். சமையல்காரரிடம் சொல்லி உங்கள் இலைக்கு மட்டும் காரம் போடாத கூட்டும் குழைய வெந்த சாதமும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீரும் மோரும் இருக்கட்டும், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தேவைப்படும். பரிமாறுகிறவர் அவசரப்படுத்தாமல் இருக்கக் கடைசிப் பந்தியில் உட்காருங்கள். பக்கத்து இலையில் உங்கள் மனைவி உட்காரட்டும்.